நடையில் இளகும் இதயம்

மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கினால் சித்திரைத் தேர் முடியும்வரை, மறுபடி ஆடியிலும், கந்தர்வக்கோட்டைச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சமயபுரம் மாரியம்மனுக்குப் பாதயாத்திரைக் கூட்டம் கிளம்பிக்கொண்டே இருக்கும். மஞ்சள் உடை, கையில் வேப்பிலை, முன்னால் அம்மன் படத்தோடு ஒரு வண்டி, பின்னால் சோறும் தண்ணீரும் ஏற்றிய இன்னொரு வண்டி. வெயில் இறங்கிய பிறகும் விடிவதற்கு முன்பும் நடந்து, நாள்கணக்கில் போய்ச் சேருவார்கள். அந்தக் கூட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்களைத் தேட வேண்டியதே இல்லை. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் முன்வரிசையில் போவார்கள். பேரன் வயதுக்காரன் கால் வலிக்கிறதென்று வண்டியில் ஏறியிருப்பான்.

இவர்களில் யாரும் தன்னை விளையாட்டு வீரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. நேர்த்திக்கடன், அவ்வளவுதான். ஆனால் மணிக்கணக்கில் இதயத்தை ஓய்வுநிலைக்கு மேலேயே ஓட்டிவைக்கிற எந்த வேலையும் உடலியலாளர் கணக்கில் தாங்குதிறன் உழைப்புதான். மாரத்தான் ஓட்டம், நெடுந்தூர சைக்கிள், பாதயாத்திரை எல்லாம் ஒரே வரிசையில் வரும். நெதர்லாந்தில் 1909இல் தொடங்கிய ‘நான்கு நாள் நடை’ என்று ஒன்று நைமேகன் நகரில் நடக்கிறது. வயதுக்கேற்ப நாளுக்கு 30, 40, 50 கிலோமீட்டர் என்று நாற்பதாயிரம் பேருக்கு மேல் நடக்கிறார்கள். வேண்டுதல் இல்லாத பாதயாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக நடப்பவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்துவருகிறார்கள். அவர்கள் கண்டதைப் பின்னால் பார்ப்போம்.

வயதான காலத்தில் இப்படி உடம்பை வருத்தினால் இதயம் வலுக்குமா, தேயுமா? மருத்துவர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி இது. இதயத்தில் தசை இருக்கிறது. அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் இருக்கிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் இருக்கிறது. பயிற்சி இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

டாக்டர்கள் பயந்தார்கள், டிமார் ஓடினார்

1899இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹென்ஷன் என்ற மருத்துவர், பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் மார்பை விரலால் தட்டி, அந்த ஓசையை வைத்தே அவர்கள் இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு நான்கே ஆண்டு ஆகியிருந்த காலம். பெரிய இதயம்தான் அவர்களை ஜெயிக்கவைக்கிறது என்பது அவர் முடிவு. ஆனால் நோயாளிகளிடமும் இதயம் வீங்கிப் பெரிதாவதைப் பார்த்துப் பழகிய மருத்துவ உலகுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஓட்டக்காரர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்ற பயம் நெடுங்காலம் நின்றது.

அந்தப் பயத்தைத் தன் உடம்பாலேயே பொய்யாக்கியவர் கிளாரன்ஸ் டிமார் என்ற அமெரிக்க அச்சுத் தொழிலாளி. 1911இல் பாஸ்டன் மாரத்தானில் முதலாவதாக வந்தார். இதயத்தில் முணுமுணுப்பு ஓசை கேட்கிறது, ஓடுவதை விட்டுவிடுவது நல்லது என்றார் ஒரு டாக்டர். டிமார் சில காலம் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி வந்தார். அதே பாஸ்டனில் இன்னும் ஆறு முறை ஜெயித்தார். கடைசி வெற்றி 1930இல், 41 வயதில். அதன் பிறகும் அறுபது வயது கடந்து ஓடினார். 1958இல், 70 வயதில், புற்றுநோயால் இறந்தார். உடற்கூறு சோதனை செய்து அதைக் கட்டுரையாக 1961இல் வெளியிட்டவர்களில் ஒருவர், அமெரிக்க இதய மருத்துவத்தின் மூத்தவர்களில் முக்கியமானவரான பால் டட்லி ஒயிட். டிமாரின் இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரிக் குழாய்கள் வழக்கமானதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. வயதுக்கு உரிய கொழுப்புப் படிவு அங்கும் கொஞ்சம் இருந்தது. குழாய் அகலமானதால் ஓட்டத்துக்குத் தடையாகவில்லை.

படிவு இருந்தது, ஆனால் தடுக்கவில்லை. முதிய ஓட்டக்காரர் இதயத்தைப் பற்றி இன்று நடக்கும் பெரும்பாலான வாதங்களின் விதை இந்த இரண்டு சொற்றொடருக்குள் இருக்கிறது.

தசை: நிறைவதில்தான் விஷயம்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பென்றால் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். நாளுக்கு ஒரு லட்சம் துடிப்பு. ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகியவரின் இடது கீழறை விசாலமாகிவிடும். ஒரே துடிப்பில் 100 மில்லிலிட்டர் தள்ளும். அதனால் அதே ஐந்து லிட்டருக்கு ஐம்பது துடிப்பு போதும். சில ஓட்டக்காரர்களின் நாடித்துடிப்பு நாற்பதுகளில் இருப்பதைப் பார்த்து அவர்களை அறியாத டாக்டர் திடுக்கிடுவதுண்டு.

வயது இதில் இரண்டு விதமாகக் கை வைக்கிறது. முதலாவது, எட்டக்கூடிய உச்சத் துடிப்பைக் குறைக்கிறது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். இருபது வயதில் 194, அறுபதில் 166. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தச் சரிவு நிற்பதில்லை. அறுபது வயது மாரத்தான் ஓட்டக்காரருக்கும் அதே வயதில் கடை நாற்காலியைவிட்டு எழாதவருக்கும் உச்சத் துடிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது, இதயத் தசையை விறைப்பாக்குகிறது. தசை இழைகளுக்கு இடையே இருக்கும் கொலாஜன் நார்கள் வயதோடு ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அந்தப் பிணைப்பு இன்னும் வேகமாக நடக்கும். இறுகிய அறையின் சுருங்கும் வலு குறைவதில்லை; விரிவதுதான் குறைகிறது. கமலைக் கிணறு கண்ட பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் காணாமல் விறைத்துப்போன தோல் பறியைக் கிணற்றில் இறக்கினால் அது முழுதாக விரியாது, பாதிதான் நிறையும். மாடு எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மேலே வருவது அந்தப் பாதித் தண்ணீர்தான். மாடியேறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், ஆனால் எக்கோ ஸ்கேனில் ‘பம்பிங் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று வரும் முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த நிறையாத குறைதான். அதற்கும் இதயச் செயலிழப்பு என்றுதான் பெயர்.

விறைத்ததை இளக்க முடியுமா? இதற்கு விடை தேடிய முயற்சிகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. 1966இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழாமல் கிடக்கச் சொன்னார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, அதாவது அவர்களின் தாங்குதிறன், 27 சதவீதம் விழுந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயது, எடை கூடியிருந்தது, உடற்கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. அப்படியும் முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதம், அன்று மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாகவே இருந்தது. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், நிலைச் சைக்கிள். முப்பது ஆண்டில் இழந்த தாங்குதிறன் திரும்பி வந்தது. ஆனால் அந்த மீட்சியில் பெரும்பங்கு கால் தசைகளுடையது. வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்ச அவை கற்றுக்கொண்டிருந்தன. உச்சத் துடிப்பு பழைய நிலைக்கு வரவில்லை.

இதயத் தசையைப் பற்றிய நேரடி விடை 2018இல் வந்தது. அதே டல்லாஸில், பெஞ்சமின் லெவின் குழு, 45 முதல் 64 வயதுக்கு இடைப்பட்ட, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆரோக்கியமானவர்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தது. ஒப்பீட்டுக் குழுவையும் சேர்த்து 53 பேர் கடைசிவரை நின்றார்கள். வாரத்தில் நான்கைந்து நாள். அதில் ஒரு நாள், நான்கு நிமிடம் மூச்சு முட்டும் வேகம், மூன்று நிமிடம் இளைப்பாறல் என்று நான்கு சுற்று. இன்னொரு நாள் ஒரு மணி நேர நிதானப் பயிற்சி. மற்ற நாள்களில் அரை மணி நேர நடையோ ஓட்டமோ, கொஞ்சம் எடைப் பயிற்சி. இதயத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அழுத்தம் அளந்து பார்த்தார்கள். தாங்குதிறன் 18 சதவீதம் உயர்ந்திருந்தது. இடது கீழறையின் நெகிழ்ச்சி சுமார் 25 சதவீதம் மேம்பட்டிருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த குழு அதே இரண்டு ஆண்டும் யோகா, சமநிலைப் பயிற்சி, எடைப் பயிற்சி என்று செய்தது. அவர்கள் இதயத்தின் நெகிழ்ச்சியில் மாற்றமில்லை. யோகா வீண் என்று இதற்குப் பொருளில்லை. இந்த ஒரு வேலைக்கு அது போதாது, மூச்சு வாங்க வேண்டும்.

இதே குழு முன்னதாகச் செய்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்தால் படம் தெளிவாகும். அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு முதன்முதலாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஓராண்டில் தாங்குதிறன் நன்றாகவே கூடியது; ஆனால் இதயத்தின் விறைப்பு பெரிதாக இளகவில்லை. இன்னொன்றில், 64 வயதைக் கடந்த 102 பேரின் கடந்த 25 ஆண்டு உடற்பயிற்சிப் பழக்கத்தைக் கேட்டறிந்து, அதை அவர்கள் இதயத்தோடு ஒப்பிட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தவர்களின் இதயம், ஒன்றுமே செய்யாதவர்கள் இதயத்தைவிட அவ்வளவாக இளமையாக இல்லை. நான்கைந்து நாள் செய்தவர்களிடம்தான் இளமையின் நெகிழ்ச்சி தங்கியிருந்தது. ஆறேழு நாள் செய்து போட்டிகளுக்குப் போனவர்களிடமும் அப்படியே.

ஆகவே வாரத்துக்கு நான்கு நாள், அறுபத்தைந்துக்கு முன்பே தொடங்கி, ஆண்டுக்கணக்கில். வருடத்துக்கு ஒரு பாதயாத்திரை இந்தக் கணக்கில் வராது. தசை கேட்பது பழக்கத்தை. பாதயாத்திரை போகும் அம்மாவுக்குப் பின்னால் தண்ணீர் வண்டியை ஓட்டிவரும் ஐம்பது வயது மகனுக்குத்தான் இந்த ஆய்வு முக்கியமாகப் பொருந்தும். அவருக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது.

கொல்லை வேலை போதாதா?

இதைச் சொன்னால் கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் உடனே வரும் கேள்வி: காலையிலிருந்து கடலைக்கொல்லையில் நிற்கிறவனுக்குத் தனியாக நடை எதற்கு? நியாயமான கேள்விதான். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதை உலகம் முதலில் தெரிந்துகொண்டதே வேலை செய்கிறவர்களிடமிருந்து. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக இருந்தது. பொலிவியக் காடுகளில் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களை 2017இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, நாற்பதைத் தாண்டியவர்களில் 85 சதவீதம் பேரின் கரோனரிக் குழாய்களில், கொழுப்புப் படிவைக் காட்டிக்கொடுக்கும் கால்சியமே இல்லை.

ஆனால் எல்லா உழைப்பும் ஒன்றில்லை. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதயநோய் குறைந்தது. வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்குக் கூடியது. சுமை தூக்குவது, குனிந்தே இருப்பது, வெயில், நினைத்த நேரத்தில் உட்கார முடியாதது எல்லாம் நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை ஏற்றியே வைத்திருக்கின்றன. துடிப்பு மட்டும் பயிற்சி தரும் அளவுக்கு உயர்வதில்லை, தேறிக்கொள்ள நேரமும் கிடைப்பதில்லை. நம் ஊர்க் கொல்லை வேலையும் மாறிவிட்டது. உழவுக்கு டிராக்டர், கடலை உடைக்க இயந்திரம், கொல்லைக்குப் போக பைக். வேலையின் அலுப்பு மிச்சமிருக்கிறது. வேலை கொடுத்துவந்த நடை போய்விட்டது. சிமானே மக்கள் கையில் பைக் சாவி இல்லை.

குழாய்: படிவும் பாதுகாப்பும்

இதயத் தசைக்குப் பயிற்சி நல்லது என்பதில் தகராறு இல்லை. குழாய்க்கு வந்தால் கதை சிக்கலாகிறது.

நெதர்லாந்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய 284 ஆண் விளையாட்டுக்காரர்களை ஸ்கேன் செய்து 2017இல் வெளியிட்டார்கள். குறைவாகப் பயிற்சி செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் கரோனரிக் குழாயில் கால்சியம் இருந்தது. மிக அதிகமாகச் செய்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் படிவின் தன்மையும் பார்க்க வேண்டும். மாரடைப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் மென்மையான கொழுப்புப் படிவு திடீரென்று வெடிப்பதுதான். அதிகம் ஓடியவர்களின் படிவில் முழுதாகச் சுண்ணமாகி உறைந்த வகை கூடுதல், கலப்பு வகை குறைவு. டல்லாஸ் கூப்பர் மையம் 21,758 ஆண்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்ததில், மிகக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம் கால்சியம் கூடுதலாக இருந்தும் மரணம் கூடவில்லை.

பெல்ஜியத்தில் 2023இல் வந்த ஆய்வு இந்த ஆறுதலில் கொஞ்சம் கை வைத்தது. வாழ்நாள் முழுக்க ஓடியவர்களுக்கு, அளவாக உடற்பயிற்சி செய்த ஆரோக்கியமானவர்களைவிடப் படிவு கூடுதலாகவே இருந்தது. சுண்ணமாகாத மென்படிவும் அதில் அடக்கம். ஆகவே ஓட்டம் ஓடுகிறவரைக் காக்கிறது, ஆனால் கவசம் போடவில்லை. புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், அப்பா ஐம்பதிலேயே மாரடைப்பில் போன வரலாறு எதையும் காலணி அழித்துவிடாது. இது நமக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு 53 வயதை ஒட்டி வந்தது. மற்றவர்களுக்கு 59 வயதை ஒட்டி. ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறோம்.

மின்னோட்டம்: மேலறையின் நடுக்கம்

மூன்றாவது பகுதியில்தான் மிகையின் விலை தெளிவாகத் தெரிகிறது. ஸ்வீடனில் வாசாலோபெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் உண்டு. 1989 முதல் 1998 வரை அதில் கலந்துகொண்ட 52,755 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு முறை மட்டும் போனவர்களைவிட ஐந்து முறையும் அதற்கு மேலும் போனவர்களுக்கு, இதயத்தின் மேலறை தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவது 29 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் அதிக ரத்தத்தை வாங்கி வாங்கி மேலறைச் சுவர் விரிகிறது. அதில் நுண்ணிய தழும்புகள் விழுகின்றன. ஓய்வில் துடிப்பை மெதுவாக்கும் நரம்பின் ஆதிக்கமும் சேர்ந்துகொள்கிறது. மின்னோட்டம் வழி தவறுவதற்கு இவையெல்லாம் இடம் கொடுக்கின்றன. மேலறை நடுங்கினால் ரத்தம் தேங்கும், உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆனால் அதே பந்தயத்தின் இரண்டு லட்சம் பேரை ஆராய்ந்து 2019இல் வந்த இன்னொரு கட்டுரை, பெண் போட்டியாளர்களுக்கு இந்த நடுக்கம் கூடவில்லை, குறைந்தே இருந்தது என்கிறது. போட்டியாளர்களுக்குப் பக்கவாதமும் மொத்தத்தில் குறைவு. நம் பாதயாத்திரைக் கூட்டங்களில் பெண்கள் நிறைய. முதிய பெண்களின் இதயத்தைத் தனியாக ஆராய்ந்த கட்டுரைகளோ உலகளவிலேயே குறைவு.

கீழறையிலும் தழும்பு விழுவதுண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், ஐம்பதைத் தாண்டியும் கடும் பயிற்சியை விடாத 106 ஆண் சைக்கிள், டிரையத்லான் வீரர்களின் தோலுக்கடியில் துடிப்பைப் பதியும் சிறு கருவியைப் பொருத்தி இரண்டு ஆண்டளவு கவனித்தார்கள். 2025இல் முடிவு வந்தது: பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் இதயத்தில் தழும்பு, ஐந்தில் ஒருவருக்குக் கீழறைத் துடிப்புக் கோளாறு. தழும்பு உள்ளவர்களிடம்தான் கோளாறும் கூடுதல். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் பதினைந்து ஆண்டுக்கும் குறையாமல் உழைத்தவர்கள் அவர்கள். காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கு நடக்காமல் இருந்தால் தவறு அவருடையது.

நெடுநடைக்கு முன்

இனி நைமேகன். 30 முதல் 55 கிலோமீட்டர் வரை நடந்த 725 பேரின் ரத்தத்தில், நடைக்கு முன்னும் பின்னும் ட்ரோபோனின் அளந்தார்கள். இதயத் தசை வேதனைப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. மாரடைப்பை உறுதிசெய்ய மருத்துவமனையில் பார்ப்பதும் அதையே. நடப்பவர்களின் நடு வயது 61. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் ஏறி அடங்கியது. 63 பேருக்கு மட்டும் அளவு, இயல்பின் மேல் எல்லையைத் தாண்டியது. நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அந்த 63 பேரில் 27 சதவீதம் பேருக்கு மரணமோ பெரிய இதயப் பாதிப்போ நேர்ந்தது; மற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். நடை அவர்களைக் கெடுத்தது என்று இதை வாசிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒளிந்திருந்த பலவீனத்தை நடை வெளியே காட்டிக்கொடுத்தது என்று வாசிப்பதே பொருந்தும்.

நெடுநடையோ ஓட்டமோ தொடங்க நினைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடங்கள் சிக்கலானவை இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பின் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். அதனால் அவர்களுக்கும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்களுக்கும், டாக்டர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் தேவை. வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரைக்காரருக்குக் கால் புண் என்ற தனி ஆபத்தும் உண்டு.

யாத்திரைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே வாரம் நான்கு நாள் நடையைத் தொடங்கி, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் பெரும்பாலான நாள்களுக்குப் போதும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு எது வந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். ‘வாயுதான், சோடா குடித்தால் சரியாகும்’ என்ற யோசனை பல உயிர்களை வாங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய முதலுதவி மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு 108 ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குப் போனால் சிகிச்சை முன்கூட்டியே தொடங்கிவிடும்.

யாத்திரைக் குழுவில் இரண்டு பேராவது நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் கற்றிருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் இதயம் நின்றுபோவது எப்போதுமே அரிது. 2000 முதல் 2010 வரை ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் 59 பேருக்கு அப்படி நேர்ந்தது. 2010 முதல் 2023 வரையான அடுத்த கணக்கில் இதயம் நிற்கும் விகிதம் மாறவில்லை; இறப்பு விகிதம் மட்டும் பாதியாகிவிட்டது. பக்கத்தில் ஓடியவர்கள் உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சிக் கருவி சீக்கிரம் வந்தது. முன்பு நான்கில் மூவரை நெருங்கிய சாவு, இப்போது மூவரில் ஒருவராகச் சுருங்கியது.

இதயம் தாங்கும், சாலை?

பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் 89 வயதில், 2000ஆம் ஆண்டு, லண்டன் மாரத்தானை முதன்முறையாக ஓடி முடித்தார். 2011இல் டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்து முடித்தபோது அவருக்கு வயது நூறு. பிறப்புச் சான்று இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், ஜலந்தர் அருகே சொந்த ஊரில் நடந்துகொண்டிருந்தவர் மீது வாகனம் மோதியது. அதில்தான் இறந்தார்.

அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 2024 ஜூலையில், கந்தர்வக்கோட்டை அருகே கண்ணுகுடிப்பட்டியிலிருந்து சமயபுரம் நோக்கி நடந்தவர்கள் மீது வளம்பக்குடிப் பக்கம் சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். நம் ஊரில் நெடுநடையின் ஆபத்தைப் பட்டியல் போட்டால் மேலறை நடுக்கமும் கால்சியமும் அதில் எங்கோ கீழே வரும். இருட்டு, ஓரமில்லாத நெடுஞ்சாலை, எதிரொளிப்பட்டை இல்லாத சட்டை இவைதான் மேலே. நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான், அரை மாரத்தான்களை ஓடியவரான மா. சுப்பிரமணியன் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், மாவட்டத்துக்கு ஒன்றாக 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் பாதை கந்தர்வக்கோட்டைக்காரருக்கு வாரத்தில் நான்கு நாள் உதவாது. அவர் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையின் ஓரத்தில்தான் நடக்கிறார், லாரி விளக்குக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

இத்தனை ஆய்வும் சேர்ந்து கேட்பது ஐம்பது வயதில் வாரம் நான்கு நாள், ஆண்டுக்கணக்கில். அதைச் செய்ய மனஉறுதி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், இடமும் வேண்டும். ஒன்றியத் தலைமை ஊர்களில் அரசுப் பள்ளி மைதானத்தின் கேட்டை விடியற்காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, நான்கு விளக்குப் போட்டுக் கொடுத்தால், அந்த வட்டாரத்து ஐம்பது வயதுக்காரர்களுக்கு இதய வைத்தியம் அங்கேயே தொடங்கிவிடும்.